தசை நோவும் தொக்கணமும்

உடலுழைப்பால் வாழும் மக்களுக்குப் பொதுவாய் அமைந்த நோய் ஒன்றுண்டு. அதற்குக் காய்ச்சல் இல்லை, புண் இல்லை, வீக்கமும் பெரும்பாலும் இல்லை. கதிர்ப்படத்தில் அது தோன்றுவதில்லை. இரத்தப் பரிசோதனையிலும் அகப்படுவதில்லை. ஆயினும் அதனை உடையார் காலையில் அதனோடு எழுந்து இரவில் அதனோடு படுக்கின்றனர். நாட்பட்ட தசை நோவே அந்நோயாகும்.

இந்நோவைத் தீர்த்தற்கு மனிதன் கண்ட மருந்துகளுள் மிகப் பழையது அவனது கையே. நோகும் இடத்தை அழுத்திப் பார்த்தல் ஒருவரும் கற்பியாமலே யாவர்க்கும் வருவது. அவ்வியல்பான செயலை ஒழுங்குபடுத்திக் கலையாக்கியோர் பல நாட்டிலும் உளர். தமிழ்ச் சித்த வைத்தியர் அதனைத் தொக்கணம் என்றனர். கேரளத்தார் உழிச்சல் என்பர். தோலின் மேற்பரப்பைத் தடவுதலோடு அமையாது, தசையின் அடிப்படைகளையும் அவற்றைச் சூழ்ந்த உறைகளையும் மெல்ல மெல்ல எட்டி அழுத்தும் வகையை மேனாட்டார் இக்காலத்தில் தனியொரு சிகிச்சையாக வகுத்துள்ளனர். அதனை ஈண்டு ஆழ்ந்த தொக்கணம் எனக் குறிப்பிடுவோம். அது நாட்பட்ட நோவை எவ்வாறு தணிக்கின்றது, எவ்வளவு தணிக்கின்றது, எவ்விடத்தில் அதன் ஆற்றல் முடிவடைகின்றது என்னும் மூன்றனையும் கண்டி மலைநாட்டை முன்னிட்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

நாட்பட்ட தசை நோவாவது யாது?

நோவு மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பின் அதனை நாட்பட்ட நோவு எனக் கொள்ளுதல் மருத்துவர் வழக்கு. தசைக்கு அது எங்ஙனம் நேர்கின்றது என்பதை அறிதற்குத் தசையின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். தசையாவது மெல்லிய நார்கள் பல்லாயிரம் சேர்ந்த கட்டு. ஒவ்வொரு நாரையும், நார்க்கற்றையையும், முழுத் தசையையும் தொடுப்பிழையத்தாலாகிய உறைகள் சூழ்ந்துள்ளன. தோடம்பழச் சுளைக்குள்ளே நீர் நிறைந்த சிறு பைகளும், அவற்றைச் சுற்றி மெல்லிய தோலும், சுளையைச் சுற்றி வேறொரு தோலும் இருத்தலை இதற்கு உவமையாகக் கூறலாம்.

தசை சுருங்கும்போது அதனுள் ஓடும் நுண்ணிய குருதிக் குழாய்கள் நெருக்குண்கின்றன. தளரும்போது குருதி மீண்டும் பாய்கின்றது. நடத்தல் போன்ற செயல்களிற் சுருக்கமும் தளர்ச்சியும் மாறி மாறி நிகழ்தலால் குருதியோட்டம் தடைப்படுவதில்லை. கழுத்தை ஒரே நிலையிற் பிடித்துக்கொண்டும் கைகளை முன்னே நீட்டியபடியும் மணிக்கணக்காக நிற்பார்க்கோ தசை தளர்தற்கு இடமேயில்லை. அப்பொழுது ஒட்சிசன் குறைகின்றது. நோவை உணரும் நரம்பு நுனிகளைத் தூண்டும் பதார்த்தங்கள் அவ்விடத்திற் சேர்கின்றன.

இலேசான வேலையும் நெடுநாட் செய்யின் கடும் நோவைத் தருவது ஏன் என்னும் வினாவுக்கு 1991ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளரான ஹாக் என்பார் ஒரு விளக்கம் கூறினார். ஒரு தசையின் நார்கள் எல்லாம் ஒருங்கே தொழிற்படுவதில்லை. சிறு நார்க்கூட்டங்கள் முதலில் வேலைக்கு அழைக்கப்படுகின்றன. பாரம் மிகும்போதே பெரியன வந்து சேர்கின்றன. பாரம் குறையும்போது பெரியன முன்னர் ஓய்ந்துவிடச் சிறியன இறுதிவரை உழைக்கின்றன. ஆதலால் வேலை இலேசானதாயினும் இடைவிடாது நிகழுமாயின், அச்சிறு நார்களுக்கு ஓய்வென்பதே இல்லாது போகின்றது. வீட்டில் எல்லார்க்கும் முன் எழுந்து எல்லார்க்கும் பின் படுக்கும் சிண்டரெல்லா என்னும் மேனாட்டுக் கதைப்பெண்ணின் பெயரால் இக்கருதுகோளை ஆய்வாளர் வழங்குவர்.

இன்னுமொன்று கூறுதல் வேண்டும். நோவு நீடிக்குந்தோறும் முண்ணாணும் மூளையும் அதனை உணர்வதில் மிகைக்கூர்மை அடைகின்றன. முன்னர் நோவெனத் தோன்றாத சிறு அழுத்தமும் பின்னர் நோவாகத் தோன்றும். ஆகவே நாட்பட்ட தசை நோவு தசையில் மாத்திரம் உறைவதன்று; நரம்பு மண்டலத்திலும் வேரூன்றியுள்ளது. இவ்வுண்மை பின்னர் நமக்குப் பயன்படும்.

மலையும் கூடையும்

இந்நோவு உண்டாதற்கு வேண்டிய காரணங்கள் யாவும் ஒருங்கமைந்த தொழில் ஒன்றைக் காண விரும்புவோர் கண்டியை விட்டு நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. ஹந்தானை, கலகா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை, புசல்லாவை முதலிய இடங்களின் மலைச்சரிவுகளை நோக்கின் போதும். கண்டி மாவட்டத்து லூல்கந்துரைத் தோட்டத்திலேதான் ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். அதற்கு முன்னர்க் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்தே மலையேறினர். அவர்தம் வழித்தோன்றல்களின் கைகளே இன்றும் கொழுந்தைக் கொய்கின்றன.

கொழுந்து பறிப்பவள் சரிவான நிலத்தில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழுமாக ஊன்றி நிற்கிறாள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொண்ட கொழுந்தைத் தேர்ந்து பறித்தற்குக் கண்ணும் விரலும் ஓயாது உழைக்கின்றன. கைகள் முன்னே நீண்டிருக்கின்றன. கூடையின் கயிறு தலையின்மேல் தங்க, பாரம் முதுகிலே தொங்குகின்றது. கயிறு தலையைப் பின்னுக்கு இழுக்கும். வேலையோ முன்னே குனியச் செய்யும். இவ்விரண்டுக்கும் நடுவே கழுத்தின் தசைகளும், கழுத்திலிருந்து தோளுக்கும் நடு முதுகுக்கும் பரந்து கிடக்கும் சரிவக வடிவான பெருந்தசையும் நாள் முழுவதும் இறுகியே நிற்கின்றன. பல தோட்டங்களிற் கூடைக்குப் பதிலாக இலேசான பைகள் வந்துள்ளனவாயினும் பாரம் தங்கும் இடம் பெரிதும் மாறவில்லை. நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய அளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். 18 கிலோ அளவில் வைத்திருக்கும் தோட்டங்கள் பல. அளவு குறையின் அரைப்பேர் விழும் என்னும் அச்சத்தால், நோகின்றதெனச் சற்று நிமிர்ந்து நிற்றற்கும் மனம் வருவதில்லை.

இடுப்புக்கு நேர்வதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 50 கிலோ எடையுள்ள ஒருத்தியின் இடுப்புக்கு மேற்பட்ட உடற்பாகம் ஏறத்தாழ 30 கிலோ எனக் கொள்வோம். அவள் குனியும்போது அவ்வெடையின் மையம் முள்ளந்தண்டின் அடிமூட்டுக்கு 20 சதமமீற்றர் முன்னே வருகின்றது. முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகளோ அம்மூட்டுக்கு ஏறத்தாழ 5 சதமமீற்றர் பின்னே உள்ளன. நெம்புகோல் விதிப்படி அத்தசைகள் 30 கிலோவை நான்கு மடங்காக்கிய 120 கிலோவுக்குச் சமமான இழுவையைத் தரவேண்டும். கூடையில் ஒரு கொழுந்தும் விழுமுன் உள்ள கணக்கு இது.

மாலையில் மடுவத்திற் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பின்னரும் வேலை முடிவதில்லை. தண்ணீர் அள்ளுதல், விறகு சுமத்தல், சமைத்தல், துணி துவைத்தல் என்பன லயத்திற் காத்திருக்கின்றன. விடியுமுன் எழுந்து யாவர்க்கும் பின் படுப்பவள் அவள். ஹாக் கூறிய சிறு நார்க்கூட்டத்தின் நிலையும் அவள் நிலையும் ஒன்றே. கவ்வாத்து வெட்டும் ஆடவர்க்கும், நகரத்துத் தையற்கடையில் நாள் முழுவதும் குனிந்திருப்பார்க்கும், கணினிமுன் அமர்ந்திருக்கும் எழுதுவினைஞர்க்கும், பரீட்சைக்காக இரவெல்லாம் புத்தகத்தின்மேல் வளைந்திருக்கும் மாணாக்கர்க்கும் இந்நோவு உரியதே. ஆயினும் காரணங்கள் இத்துணை செறிந்து கூடிய தொழில்கள் சிலவே.

இத்தகைய நோவுக்கு வீடுகளிற் செய்யும் கைவைத்தியம் யாவரும் அறிந்ததே. நோவெண்ணெயைச் சூடாக்கிப் பூசி நீவிவிடுதல், நொச்சியிலையைத் துணியில் முடிந்து ஒத்தடமிடுதல், பேரப்பிள்ளையைக் குப்புறக் கிடக்கும் பாட்டியின் முதுகில் ஏறி மிதிக்கச் செய்தல் என்பன அவற்றுட் சில. சிறு பிள்ளையின் பாதம் செய்யும் அவ்வேலையே ஆழ்ந்த தொக்கணத்தின் எளிய வடிவம் எனலாம். அதனைச் சாத்திரமாக்கியோர் செய்தியை இனி நோக்குவோம்.

தமிழ் மருத்துவத்திலும் ஈழநாட்டு மருத்துவத்திலும்

சித்த மருத்துவம் மருந்தை அகமருந்து, புறமருந்து என இருவகையாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் 32 பிரிவு கூறும். புறமருந்து முப்பத்திரண்டனுள் தொக்கணமும் ஒன்று. வலிக்குத் தலையாய காரணம் வாதத்தின் பிழை என்பது சித்தர் கொள்கையாதலின், வாத நோய்களுக்குத் தொக்கணத்தை அவர் சிறப்பாக விதித்தனர். தைலமிட்டுச் செய்தல், தைலமின்றிச் செய்தல் என இருமுறையும் உண்டு.

தொக்கணத்தின் செயல்கள் ஒன்பது. அவை தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்பன. இப்பெயர்களை ஊன்றி நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். இவற்றுட் பிடித்தல், அழுத்தல் முதலியன தசையின்மேற் கை செய்யும் செயல்கள். இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்பனவோ நோயாளியின் மூட்டையும் உறுப்பையும் இயக்குவிக்கும் செயல்கள். எனவே தொக்கணம் என்பது கிடத்திவைத்துத் தேய்த்தல் மாத்திரமன்று. இறுகியதைத் தளர்த்தி, தளர்ந்ததை உடனே அசையச் செய்தல் என்னும் இரு கூறுகளும் அதனுள் அடங்கும்.

இதனோடு நெருங்கிய உறவுடையது வர்ம மருத்துவம். உடலில் 108 வர்ம நிலைகள் உள. அவற்றுட் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்பர். அழுத்தக்கூடாத இடம் எது, எவ்வளவு அழுத்தலாம் என்னும் எச்சரிக்கை இந்நூல்வழிப் பயின்றோர்க்கு முதற்பாடமாகும். கேரளத்துக் கதகளி மாணாக்கர்க்கு ஆசிரியர் மழைக்காலத்திற் காலால் மிதித்துச் செய்யும் உழிச்சலும் இம்மரபினதே. அங்கு அது நோய் தீர்க்கும் பொருட்டன்றி உடலைக் கலைக்குப் பக்குவப்படுத்தும் பொருட்டு நிகழ்கின்றது.

ஈழத்துச் சிங்கள மருத்துவமும் இக்கலையிற் பின்தங்கியதன்று. மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆதுலர்சாலையின் எச்சங்களிடையே, மனித உருவுக்கு இயையக் குடைந்த கல்தொட்டி ஒன்று இன்றும் உள்ளது. நோயாளியை மருந்து நீரிலோ எண்ணெயிலோ கிடத்துதற்கு அது பயன்பட்டதென்பர். முறிவுக்கும் சுளுக்குக்கும் மருந்து செய்யும் ‘கெடும் பிந்தும்’ வைத்தியப் பரம்பரைகள் கண்டிப் பகுதிக் கிராமங்களில் உள்ளன. தோட்டத்துத் தமிழரும் கிராமத்துச் சிங்களவரும் மொழியால் வேறுபட்டாராயினும் சுளுக்கு நேர்ந்தவிடத்து ஒரே வைத்தியரின் திண்ணையிற் காத்திருத்தலைக் காணலாம். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதத்தோடு சித்த, யூனானி முறைகளையும் தன்னுள் அடக்கி, இவ்வைத்தியர்களைப் பதிவு செய்தற்கு வழிவகுத்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவப் பட்டப்படிப்பு நடைபெறுகின்றது.

மேனாட்டில் வளர்ந்த வகை

மேனாட்டில் இக்கலைக்கு ஒழுங்கு தந்தோருட் சுவீடன் நாட்டுப் பேர் ஹென்றிக் லிங் (1776–1839) முதல்வராகக் கருதப்படுகிறார். அவர் 1813ஆம் ஆண்டில் ஸ்ரொக்ஹோம் நகரில் தேகப்பயிற்சிக் கழகமொன்றை நிறுவினார். ஒல்லாந்து நாட்டு வைத்தியர் மெற்ஸ்கர் (1838–1909) தடவல், பிசைதல், தேய்த்தல், தட்டல் முதலிய வகைகளை மருத்துவ உலகம் ஏற்குமாறு செய்தார். தொக்கணத்தின் ஒன்பது செயல்களோடு இவற்றை ஒப்பிடுவார்க்கு, வெவ்வேறு நாட்டாரின் கை ஒரே வழியைக் கண்டறிந்தமை வியப்பளிக்கும்.

ஆழ்ந்த அழுத்தத்தைச் சிறப்பாக ஆராய்ந்தோர் இருபதாம் நூற்றாண்டினர். இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த யேம்ஸ் சிரியக்ஸ் (1904–1985), நோகும் சிரைகளையும் இணையங்களையும் அவற்றின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே விரல்நுனியால் ஆழமாகத் தேய்க்கும் முறையை வகுத்தார். அமெரிக்க வைத்தியரான யனற் திறவெல் அம்மையார் (1901–1997) தசையில் இறுகிய முடிச்சுப்போலத் தோன்றும் இடங்களை ஆராய்ந்தார். அவ்விடத்தை அழுத்தின் நோவு வேறிடத்திற் சென்று தோன்றும் என்பதை அவர் படங்களாக வரைந்து காட்டினார். தோளிலுள்ள முடிச்சு தலைநோவாகவும், இடுப்பின் பக்கத்துள்ளது தொடை நோவாகவும் தோன்றுதல் உண்டு. டேவிட் சைமன்சுடன் சேர்ந்து அவர் எழுதிய பெருநூலின் முதற்றொகுதி 1983ஆம் ஆண்டில் வெளிவந்தது. அம்முடிச்சுக்களின் உண்மையான இயல்பு பற்றி ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

திறவெல் அம்மையார் சனாதிபதி கெனடிக்கு வைத்தியராக இருந்தவர். கெனடியின் நெடுநாள் முதுகு நோவுக்கு அவர் தசையில் ஊசிமருந்து ஏற்றினார். ஆனால் அத்தோடு நிற்கவில்லை. ஒரு கால் மற்றதிலும் சிறிது குட்டையெனக் கண்டு காலணியை உயர்த்துவித்தார். அமரும் நாற்காலியை மாற்றி ஆடுநாற்காலியிடச் செய்தார். தசையைத் தொட்டு ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவர், தசைக்கு வெளியேயுள்ள காலணியையும் நாற்காலியையும் தேடிச் சென்றமை நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

செய்யும் முறை

ஆழ்ந்த தொக்கணத்தின் உயிர்நிலை வலிமையன்று, பொறுமையே. முதலில் வெப்பத்தாலும் மென்மையான தடவலாலும் மேற்படைகளைத் தளர்த்துவர். மேற்படை இறுகியிருக்க அடிப்படையை எட்ட முயல்வது, பூட்டிய கதவை இடித்தலை ஒக்கும். பின்னர்ப் பெருவிரல், முட்டி, முன்கை, முழங்கை என்பவற்றுள் இடத்துக்கு ஏற்ற ஒன்றால் நாரின் நெடுக்கிலும், வேண்டியவிடத்துக் குறுக்கிலும் மிக மெதுவாக அழுத்திச் செல்வர். இறுகிய இடம் அகப்படின் அழுத்தத்தைச் சிறிது நேரம் நிலையாக வைத்து, அது தன்கீழ் இளகுவதை எதிர்பார்த்திருப்பர். நோயாளியின் மூச்சே அளவுகோல். அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வாராயின், பல்லைக் கடிப்பாராயின், அழுத்தம் மிகைப்பட்டதென்று அறிந்து கையைத் தளர்த்தல் வேண்டும். இறுதியில் அவ்வுறுப்பை நீட்டியும் மடக்கியும் இயங்கச் செய்வர்.

‘எவ்வளவுக்கு நோகின்றதோ அவ்வளவுக்கு நன்மை’ என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. அது பிழை. மிகைப்பட்ட நோவு வந்தவுடன் தசை தன்னைக் காத்தற்பொருட்டு மேலும் இறுகும். அழுத்தம் அளவு கடந்தவிடத்துத் தசைநார் சிதைந்து தீங்கு விளைதலும் கூடும். மறுநாள் சிறிது நோவிருத்தல் இயல்பு. கன்றிப்போதலும் நீலம் பாய்தலும் திறமையின் அடையாளங்களல்ல.

நோவு தணிதற்குக் காரணம்

தொக்கணம் தசையில் தேங்கிய கழிவைப் பிழிந்து வெளியேற்றுகின்றது என்பது பலரும் கூறும் காரணம். சிறப்பாக இலத்திக்கமிலத்தை அது அகற்றுமென்பர். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை மறுத்தது. 11 இளைஞர்களைக் களைக்குமட்டும் சைக்கிள் மிதிக்கச் செய்து, ஒரு தொடையை மாத்திரம் பத்து நிமிடம் பிடித்துவிட்டு, இரு தொடைகளிலிருந்தும் தசைத்துணுக்கு எடுத்து ஒப்பிட்டனர். இலத்திக்கமிலத்தின் அளவில் வேறுபாடில்லை. பிடித்துவிட்ட தசையில் அழற்சியைத் தூண்டும் குறிகள் குறைந்திருந்தன. உடலின் கலங்களிலே கையின் அழுத்தம் மாற்றம் செய்கின்றது என்பதற்கு இது சான்று. ஆயினும் இது களைத்த இளைஞரிடம் கண்டது. நாட்பட்ட நோயாளரிடம் கண்டதன்று.

ஒட்டிக்கொண்ட உறைகளைக் கை பிரித்து நீட்டுகின்றது என்பது மற்றொரு காரணம். தொடையின் வெளிப்புறத்துத் தடித்த உறை போன்றவற்றை நிலையாக நீட்டுதற்கு வேண்டிய விசை மிகப் பெரிது. மனிதர் கையால் தாங்கக்கூடிய அளவன்று. மெல்லிய உறைகள் தம்முள் வழுக்குதல் எளிதாகலாம்.

நரம்பு வழியாக வரும் விளக்கமே இவற்றினும் வலியது. கனடா நாட்டு மெல்சாக்கும் ஆங்கிலேயரான உவோலும் 1965ஆம் ஆண்டில் நோவின் வாயிற் கொள்கையை வெளியிட்டனர். தொடுகையையும் அழுத்தத்தையும் கொண்டு செல்லும் தடித்த நரம்பு நார்கள் தூண்டப்படும்போது, நோவைக் கொண்டு செல்லும் மெல்லிய நார்களின் செய்தி முண்ணாணிலே தடுக்கப்படுகின்றது என்பது அதன் சாரம். இடித்துக்கொண்ட முழங்காலை உடனே கையால் தேய்த்தல் இக்காரணத்தால் இதம் தருகின்றது. அக்கொள்கை பின்னர்ப் பலவாறு திருத்தப்பட்டதாயினும் அடிப்படை நிலைத்துள்ளது. இதனோடு, நம்பிக்கைக்குரிய ஒருவரின் கை படும்போது மனம் அமைதியுற்று உடலின் விறைப்புக் குறைதலும் சேர்கின்றது. நாட்பட்ட நோவு நரம்பு மண்டலத்தில் வேரூன்றியது என முன்னர்க் கண்டோம். அவ்வேரைத் தொடுதலின் தொக்கணம் பயன் தருகின்றது. அவ்வேரைப் பிடுங்காமையின் அப்பயன் நிலைப்பதில்லை.

எவ்வளவு பயன்?

உலக சுகாதார தாபனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் 61 கோடியே 90 இலட்சம் மக்கள் இடுப்பு நோவோடு வாழ்ந்தனர். இந்நோவுக்குக் கைச்சிகிச்சை தரும் பயனைப் பற்றிய 25 பரிசோதனைகளை, 3,096 நோயாளரின் முடிவுகளோடு, 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு சீர்தூக்கியது. சிகிச்சை பெறாதாரோடு ஒப்பிடுமிடத்துக் குறுகிய காலத்தில் நோவு தணிந்தமையும், நெடுங்காலத்தில் அவ்வேறுபாடு நில்லாமையும் காணப்பட்டன. சான்றுகளின் தரம் தாழ்ந்ததென்பதையும் அவ்வாய்வாளர் மறைக்கவில்லை. பெருந்தீங்கு எதுவும் காணப்படவில்லை; நோவு கூடியதாகக் கூறியோர் பரிசோதனைக்கேற்ப நூற்றுக்கு 1.5 முதல் 25 வரையினர். 2023ஆம் ஆண்டு திசெம்பரில் உலக சுகாதார தாபனம் நாட்பட்ட இடுப்பு நோவுக்கென வெளியிட்ட வழிகாட்டியிற் கைச்சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது. ஆயின் தனித்தன்று, நோயாளிக்கு அறிவூட்டலும் தேகப்பயிற்சியும் முதலியவற்றோடு சேர்ந்தே.

அளவு பற்றிய ஆய்வொன்றும் நமக்கு இன்றியமையாதது. அமெரிக்காவின் சியாற்றில் நகரில் நாட்பட்ட கழுத்து நோவுடைய 228 பேரைப் பல குழுக்களாகப் பிரித்து நான்கு வாரம் சிகிச்சை செய்தனர். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி அரைமணி நேரச் சிகிச்சை தெளிவான பயன் தரவில்லை. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் பெற்றோரே தெளிவான நன்மை அடைந்தனர். கண்டி நகரிலும் சுற்றுப்புறத்திலும் உல்லாசப் பிரயாணிகளுக்கென அமைந்த எண்ணெய்ச் சிகிச்சை நிலையங்கள் பல உள. அவற்றில் அம்மணி நேரத்தை விலைகொடுத்துப் பெறுவோர் ஓய்வுக்காக வந்தோர். வாரத்தில் மூன்று மணி நேரத்தை ஒதுக்கி மல்லாந்து கிடத்தற்குக் கொழுந்து பறிப்பவளுக்கு நேரம் ஏது? பணம் ஏது? நோவு மிக்கவர்க்கு எட்டாமலும் குறைந்தவர்க்கு எட்டியும் நிற்கும் மருந்தாக இது இருத்தல் வருந்தத்தக்கது.

விலக்கவேண்டிய இடங்கள்

எல்லா நோவும் தசை நோவன்று. இரவில் ஓய்ந்திருக்கும்போதும் தணியாத நோவு, காய்ச்சலோடும் உடல் மெலிவோடும் வரும் முதுகு நோவு, கால் மரத்தல், மலசலம் அடக்கமுடியாமை, நெஞ்சிலிருந்து தோளுக்கும் கைக்கும் பரவும் நோவு என்பன காணப்படின் தொக்கணத்தை நாடாது உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். ஒரு காலின் கெண்டை மாத்திரம் வீங்கிச் சூடாக நோகுமாயின் அங்கே நாளத்திற் குருதி உறைந்திருக்கலாம். அதனை அழுத்துதல் உறைகட்டியைப் பெயர்த்து உயிருக்கே இடர் விளைக்கும். குருதி உறையாமைக்கு மருந்து உட்கொள்வோர், எலும்பு நொய்ந்த முதியோர், நெடுநாள் நீரிழிவால் உணர்ச்சி குன்றிய காலுடையோர் ஆகியோர்க்கு ஆழ்ந்த அழுத்தம் ஆகாது. கருவுற்ற மகளிர் வைத்தியரைக் கேளாது செய்வித்தல் கூடாது. கழுத்தின் முன்புறம் பெருநாடி ஓடுமிடமாதலின் எவர்க்கும் அங்கு அழுத்தலாகாது. ஆதலின் பதிவுபெற்ற வைத்தியரையோ இயன்மருத்துவரையோ நாடுதலே தக்கது. பேராதனைப் பல்கலைக்கழகம் இயன்மருத்துவத்திற் பட்டதாரிகளை உருவாக்குதல் கண்டியார்க்கு வாய்த்த நற்பேறு.

முடிவுரை

மேற்கூறியவற்றால் தொக்கணத்தின் பெருமையும் எல்லையும் ஒருங்கே புலனாகும். அது நோவைத் தணிக்கின்றது. தணிவு சில நாளோ சில வாரமோ நிற்கின்றது. அவ்விடைக்காலத்தை எவ்வாறு பயன்படுத்துகின்றோம் என்பதிலேயே முழுப்பயனும் தங்கியுள்ளது. நோவு தணிந்தவுடன் உடலை அசைத்து, நடந்து, தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்வார்க்குத் தொக்கணம் நலத்துக்கு வாயிலாகும். தொக்கணத்தின் ஒன்பது செயல்களுள் அசைத்தலையும் நம் முன்னோர் வைத்தமை இவ்வுண்மையை அவர் அறிந்திருந்தமைக்குச் சான்றாகும்.

ஆனால் இரவில் தளர்த்திய தசையின்மேல் மறுநாட் காலையில் அதே கூடை ஏறுமாயின் கையின் உழைப்பு வீணாகும். ஆகவே நோவின் சிகிச்சை மலைக்கும் செல்லுதல் வேண்டும். பாரத்தைத் தலையில் தொங்கவிடாது இரு தோளிலும் இடுப்பிலும் பகிரும் பட்டிகள், கூடை நிறையுமுன் அடிக்கடி நிறுத்து இறக்கும் ஒழுங்கு, மணிக்கொருமுறை நிமிர்ந்து தோளைச் சுழற்றுதற்குக் கூலி குறையாத சில நிமிடங்கள், தோட்டத்து வைத்திய நிலையங்களுக்குக் கிழமைதோறும் இயன்மருத்துவரின் வருகை என்பன பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை. கெனடிக்கு நாற்காலியை மாற்றுதல் சிகிச்சையாயின், கொழுந்து பறிப்பவளுக்குக் கூடையை மாற்றுதலும் சிகிச்சையே.

இவற்றை ஆராய்ந்து செயற்படுத்தும் கல்வி நம் மாணாக்கரிடம் உள்ளது. பொறியியல் பயில்வோர் பட்டியை அமைக்கலாம். மருத்துவமும் இயன்மருத்துவமும் பயில்வோர் அதன் பயனை அளந்து காணலாம். சித்த மருத்துவம் பயில்வோர் பழைய நூல்களின் தொக்கண முறைகளை இக்கால ஆய்வுமுறைக்கு உட்படுத்தலாம். அவருட் பலருடைய தாயும் பாட்டியும் அம்மலைகளில் உழைத்தவர்கள். அவர்தம் முதுகைச் சிறு வயதில் மிதித்து நோவு தீர்த்த பிள்ளைகள், கற்று வளர்ந்த பின் அந்நோவின் காரணத்தையும் தீர்க்க முன்வருதல் கடனாகும்.